கயிற்றின் மறுநுனி

ஒரே ஒருவருடைய மூச்சுச் சத்தந்தான் கேட்டுக்கொண்டிருந்தது. அதைக் கவனிக்கவே சரணியாவுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. சுவிஸின் லுசேர்ண் ஏரியின் அடியில், தாழ்ந்து கிடந்த ஒரு மரத்தின் கீழ், தாடையில் ஒற்றை மீசை தொங்க ட்ரூஷ மீன் ஒன்று கிடந்தால் படமெடுக்கிறவளுக்கு வேறென்ன கேட்கும்? கலங்கிய பச்சைத் தண்ணீரில் கமரா விளக்கின் வெளிச்சம் இரண்டு முழம் போய் அப்படியே மங்கிவிடும். உதட்டைச் சுற்றிக் குளிர் கடிக்க, வாயில் மூச்சுக்குழாயின் றப்பர் கசக்க, தன் மூச்சுக் குமிழிகள் காதோரம் கொடகொடவென்று ஏறுவதை அவள் கேட்டாள். பின்னால் இன்னொருவருடைய குமிழிகளும் கேட்கவேண்டும். கேட்கவில்லை.

பின்னால் வந்தவன் தம்பி ஆரன். வழக்கமாகக் கூட இறங்கும் தோழிக்குக் காய்ச்சல். தனியே இறங்குவது ஆகாது. கெஞ்சிக் கூத்தாடி அவனை இழுத்துவந்தது இவள்தான். கரையில் நின்ற அவன் மனைவி கிருசிகா, ஏழு மாத வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "மச்சாள், இவர் இப்பதான் பழகிற ஆள். கையோட கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றாள்.

"ஓம், நான் பாத்துக்கொள்ளுறன்" என்றபோது இவளுடைய மனமெல்லாம் மீனில்.

இருவரையும் ஒரு கயிறு இணைத்திருந்தது. இவளுடைய இடுப்பில் கயிறு சுற்றிய உருளை, அவனுடைய மணிக்கட்டில் மறுநுனி. ஒருதரம் இழுத்தால் 'சுகமோ?' பதிலுக்கு ஒருதரம் என்றால் 'சுகம்.' மூன்றுதரம் என்றால் 'ஆபத்து, வா.'

ஒருதரம் இழுத்துப் பார்த்தாள். சுணங்கித்தான் பதில் வந்தது. ஒன்று. அப்பாடா என்றிருந்தது. அந்த நேரம் திரும்பிப் பார்த்திருக்கவேண்டியவள், இன்னொரு படம் எடுத்தாள்.

ஃபிளாஷ் வெட்டியதும் மீன் வாலை அடித்துப் பாய்ந்தது. அடிச்சேறு கிளம்பி எல்லாவற்றையும் மூடியது. விளக்கைக் கண்ணருகே பிடித்தாலும் பழுப்புப் புகைதான். எது மேல், எது கீழ் என்று தெரியாமல் தத்தளித்தவளின் கையை இன்னொரு கை வந்து பற்றியது. முன்னாலிருந்து.

பெடியன் பயந்துபோய்ச் சுற்றி வந்திருக்கிறான் என்று நினைத்தாள். பாவமாக இருந்தது. கையை அழுத்தினாள். அதுவும் அழுத்தியது. இருவரும் மெல்ல மேலே ஏறினார்கள்.

இடுப்பில் உருளை சுழலத் தொடங்கியது. கரகரவென்று கயிறு கீழே ஓடியது. மரத்தில் சிக்கியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இடுப்பு இழுபட்டது. ஒன்று. இரண்டு. மூன்று.

சிக்குத்தான். வேறென்ன.

வெளிச்சத்தை அவன் பக்கம் திருப்பினாள். ஆரனுடைய மஞ்சள் பட்டி. ஆரனுடைய முகமூடி. கண்ணாடியின் உள்ளே சேற்று நிறம். அவனிடமிருந்து ஒரு குமிழிகூட எழவில்லை. பார்த்தாள். பார்க்காததுபோல் ஏறினாள். கையை விடத் தைரியம் வரவில்லை.

தலை வெளியே வந்தபோது ஏரி முழுவதும் வெள்ளைப் பனிமூட்டம். கால் கல்லில் தட்டியது. இடுப்பளவு தண்ணீர். அவன் கையை விட்டுவிட்டு, முகமூடியைக் கழற்றாமலே கரையேறினான். கிருசிகா துவாயோடு இறங்கி வந்தாள்.

"வந்திட்டியளே. எனக்கு நெஞ்சு இடிச்சுக்கொண்டே இருந்தது" என்று சொல்லி அழுதாள்.

சரணியா உருளையைக் கழற்றக் குனிந்தாள். கயிறு கரைக்குப் போகவில்லை. அவளுக்குப் பின்னால், தண்ணீருக்குள், ஏரியின் ஆழத்துக்குப் போனது. விறைப்பாக.

மூன்று இழுப்பு.

நிறுத்தம்.

மூன்று இழுப்பு.

"ஆரன்" என்றாள். எந்தப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கீழே போனால் கிருசிகா அதனோடு தனியே. கரைக்குப் போனால் தம்பி.

ஒரு இழுப்பு. மெல்லியது.

"கிருசிகா, அவனை விட்டிட்டு இஞ்சால வா."

கிருசிகா திரும்பவில்லை. அந்தக் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்திருந்தாள். "இஞ்சாருங்கோ, பிள்ளை துடிக்கிற துடிப்பைப் பாருங்கோ. நீங்கள் வந்தது தெரிஞ்சிட்டுது போல."

கயிறு தளர்ந்து சரணியாவின் தொடையில் உரசியது.

"என்னப்பா" என்றாள் கிருசிகா, வயிற்றைக் குனிந்து பார்த்து. "நிண்டிட்டுது."

கை வயிற்றிலிருந்து அசையவில்லை.