இன்னொரு தடவை

நேற்று அந்த மூச்சு இவ்வளவு நீளமாக இல்லை.

கடைசிப் பாட்டு முடிந்து, பேஸ் கிட்டாரின் அதிர்வும் அடங்கியபின், பாடகன் ஒருமுறை மூச்சை உள்ளிழுத்து, "போதுமா?" என்று கேட்பான், அத்துடன் நாடா தீர்ந்துவிடும். நேற்று அப்படித்தான் இருந்தது. இன்று அதே ரீலை அதே இயந்திரத்தில் ஓட்டியபோது, உள்ளே போன மூச்சு வெளியே வரவில்லை. தண்ணீருக்குள் தலை அமிழ்ந்தவன் பிடித்து வைத்திருப்பதைப் போல அது நின்றது, நின்றுகொண்டே இருந்தது, கேட்டுக்கொண்டிருந்தவனும் தன்னையறியாமல் மூச்சை நிறுத்தி, நெஞ்சு அடைத்து, ஹெட்ஃபோனைக் கழற்றப் போன நேரத்தில்தான் கேள்வி வந்தது.

"போதுமா?"

அவன் நாடாவின் மேல் பழியைப் போட்டான். ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப்போன பழைய நாடாக்களை மிதமான சூட்டில் பொறுமையாக உலர்த்திய பிறகே ஓட்ட முடியும். உலர்த்தியதில் எங்கோ சுருங்கியிருக்கும், எங்கோ நீண்டிருக்கும். பழைய பதிவுகளைச் சுத்தம் செய்து, மறுபடி வெளியிடத் தோதாக்கித் தருவது அவன் தொழில். தொழிலில் அவனுக்குக் 'காது' என்று பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட இப்போது ஆளில்லை.

அலுவலகக் கட்டடம் ஒன்றின் அடித்தளத்தில் இருந்தது அவன் ஸ்டூடியோ. ஜன்னல் கிடையாது, வெளியே வெயிலா மழையா என்பது இறங்கி வருகிறவர்களின் செருப்பைப் பார்த்தால்தான் தெரியும். சுவரெல்லாம் சாம்பல் நிறப் பஞ்சு; அதில் பல வருஷமாக ஊறியிருந்த புகையும் வியர்வையும், இயந்திரங்கள் சூடேறும்போது மெல்லக் கசியும். மிக்ஸர் மேசைக்கு எதிரே இரட்டைக் கண்ணாடி. அதற்கு அப்பால் பாடும் அறை. அதன் கதவு இந்த மழையில் உப்பி, சட்டத்தோடு இறுகிப்போயிருந்தது. உள்ளே ஒரு மைக் மட்டும் கம்பத்தில் தனியாக நின்றது. இந்தப் பக்கம் தொண்டை கிழியக் கத்தினாலும் அந்தப் பக்கம் கேட்காது. இங்கிருந்து அங்கே குரல் போக ஒரே வழி, மேசையிலிருக்கும் டாக்பேக் பொத்தான். விரல் அழுத்தியிருக்கும்வரைதான் குரல் போகும், எடுத்தால் அறுந்துவிடும்.

அவன் கையிலிருந்த ஆல்பத்தின் பெயர் 'ஈரச் சுவர்'. பங்க் இசையின் கூச்சல் ஓய்ந்தபின், கோபம் காலி செய்துவிட்டுப் போன இடத்தில் எஞ்சிய வெறுமையைப் பாட வந்த குழுக்களில் ஒன்று; ஒரே ஆல்பம். அது கடைக்கு வருமுன்பே பாடகன் இறந்துபோனான். எப்படி என்பதை யாரும் உரக்கச் சொல்வதில்லை. அன்று அதை வாங்கியவர்கள் சொற்பம். ஆயினும் மீசை அரும்பும் வயதில் எவரோ ஒருவர், தலைமுறைக்குத் தலைமுறை, கதவைச் சாத்திக்கொண்டு அதைக் கண்டெடுத்தபடியே இருக்கிறார். காலியான தாழ்வாரத்தில் ஒருவன் நடப்பதைப் போன்ற டிரம்ஸ்; துருவேறிய கீலைப் போன்ற கிட்டார்; மெட்டைத் தனியே சுமந்து செல்லும் பேஸ்; இவற்றின் மேலே, எதையும் யாசிக்காத ஒரு குரல். அந்த ஆல்பம் யாரையும் தேற்றுவதில்லை. எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு வரியிலும் சொல்வதில்லை. பொய் சொல்லாத ஒரே நண்பன் என்ற மரியாதையை அது அதனாலேயே பெற்றது.

அவனும் அப்படிக் கண்டெடுத்தவன்தான். விடுதிக் கட்டிலில் போர்வைக்குள் ஹெட்ஃபோனுடன் கிடந்த நாட்களில், தன்னைவிடத் தாழ்ந்த இடத்தில் ஒருவன் நின்றுகொண்டிருக்கிறான் என்ற நினைப்பே அவனைத் தாங்கியது. அதைப் பிற்பாடு ரசனை என்று சொல்லிக்கொண்டான். வெறும் ரசனையாக இருந்திருந்தால் அதை நினைக்கும்போது முகம் சூடாகியிருக்காது.

ரீல்களைக் கொண்டுவந்து கொடுத்தவள் பாடகனின் மகள். படி இறங்கி வந்ததும் அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"நீங்கதான் காதா?"

"எல்லாரும் அப்படித்தான் கூப்பிடறாங்க."

"நான் வாய். பல் டாக்டர்." சிரிக்காமல் சொல்லிவிட்டுப் பையை மேசைமேல் வைத்தாள். "முதல்லயே சொல்லிடறேன் சார், எனக்கு இந்தப் பாட்டெல்லாம் பிடிக்காது. நான் அம்மா வயித்துல இருக்கறப்ப பாடினது. ஊரே உருகி உருகிக் கேக்குது. எனக்கு மட்டும், ஒரு மனுஷனை வீட்டுக்கு விடாம பிடிச்சு வெச்சிருக்கற மாதிரி இருக்கு."

அவன் பையைத் திறந்து ரீல்களை வெளியே எடுத்தான்.

"பாட்டை என்ன வேணா பண்ணிக்குங்க. கடைசியில அப்பா போதுமான்னு கேக்கறாராம். ரெக்கார்டிங் பண்ணினவர் சாப்பிடப் போயிட்டாராம். யாரும் பதிலே சொல்லலையாம். அம்மாவுக்கு இத்தனை வருஷமா அதே பேச்சுதான். தூக்கத்துல எழுந்து உக்காந்து, 'அவர் இன்னும் அங்கேயே நிக்கறாருடி'ங்கறாங்க."

"நான் என்னம்மா செய்யணும்?"

"போதும்னு சொல்லணும். அந்தப் பொத்தானை அழுத்தி, ரெக்கார்டிங் பண்றவங்க வழக்கமா சொல்ற மாதிரி சொல்லணும். அப்புறம் அந்தத் துண்டை அழிச்சிடணும். கிறுக்குத்தனம்னா சிரிச்சுக்குங்க, பரவால்ல."

"நீங்களே சொல்லலாமே."

"நான் சொன்னா யாருன்னு தெரியுமா அவருக்கு? என்னைப் பாத்ததே இல்லயே." குடையின் பிடியைத் திருகினாள். "எங்கிட்ட வர்றவங்களுக்கு வாய் மரத்துப் போயிருக்கும் சார். வேலை முடிஞ்சு நான் மறந்தாப்பல திரும்பிட்டா, பாவம், அப்படியே திறந்துக்கிட்டே கிடப்பாங்க. மூடிக்கலாம்னு சொன்னாத்தான் மூடுவாங்க. என் தொழில்லயே நல்ல வார்த்தை அது ஒண்ணுதான்."

"சத்தியமா சொல்லிடறேம்மா," என்றான் அவன். அப்போது அதை மனதாரத்தான் சொன்னான்.

இப்போது நாடா தீர்ந்துவிட்டது. ரீலின் வால் ஒவ்வொரு சுற்றிலும் இயந்திரத்தில் மோதியது. பட். பட். பட். வாக்கு நினைவுக்கு வந்தது. வெறும் அறையோடு பேசப்போகிறோமே என்ற கூச்சமும் வந்தது. பொத்தானை அழுத்தினான்.

"நல்லாருக்கு," என்றான். "இன்னொரு தடவை."

நாக்கைக் கடித்துக்கொண்டான். பாடியவர் போதுமா என்று கேட்டால், பாடியது எவ்வளவு நன்றாக இருந்தாலும், கைவசம் இருக்கட்டும் என்று இன்னொன்று கேட்பது தொழில் வழக்கம். வாய் தானாகச் சொல்லிவிட்டது. திருத்திச் சொல்வதற்காக மறுபடி நீண்ட விரல் பாதியில் நின்றது. நாடா தீர்ந்த இயந்திரம் வெறுமனே சுற்றிக்கொண்டிருக்க, மிக்ஸரில், பாடும் அறையின் மைக்குக்கு உரிய மீட்டரின் முள் மெல்ல எழுந்தது.

கடைசிப் பாட்டு. வாத்தியங்கள் இல்லை. குரல் மட்டும்.

கண்ணாடிக்கு அப்பால் யாருமில்லை. மைக் இருந்தது, கம்பம் இருந்தது, மங்கிய விளக்கு இருந்தது. கண்ணாடியின் உள்பக்கத்தில், மைக்கின் உயரத்தில், உள்ளங்கை அளவுக்கு ஆவி படிந்தது; கலைந்தது; மறுபடி படிந்தது. யாரோ மூச்சு விடுகிற ஒழுங்கில். எழுந்து ஓட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. ஆனால் அந்தக் குரல் ரீலில் இருந்ததைவிட உண்மையாக இருந்தது. அவன் கை அனிச்சையாகப் பதிவுப் பொத்தானை அழுத்தியது. சிவப்பு விளக்கு எரிந்தது.

அன்றிரவே பதிவை அனுப்பியிருந்தான்; மறுநாள், ஆல்பத்தை மறுபடி வெளியிடும் கம்பெனியின் மேனேஜர் போன் செய்தார்.

"காதண்ணே, எங்கண்ணே கெடந்துச்சு இந்த டேக்கு? ஆபீஸ்ல ஒருத்தனும் பேசல. ஒருத்தன் பாத்ரூம்ல போய் அழுதுட்டு வர்றான்."

"பழைய ரீல்லதான்."

"இன்னும் இருக்கா?"

அவன் கண்ணாடியைப் பார்த்தான். ஆவி படிந்திருந்தது. "பாக்கறேன்."

"பாருங்கண்ணே. அட்டையில உங்க பேரைப் பெருசா போட்டுடலாம். காதுன்னே போடவா?"

அன்று மாலையும் கேள்வி வந்தது. அன்றும் அவன் பொத்தானை அழுத்தினான். இம்முறை வாய் தவறவில்லை, தெரிந்தேதான் சொன்னான். அதற்கடுத்த மாலையும் சொன்னான். ஒவ்வொரு முறையும் குரல் சற்று உடைந்தது. வல்லெழுத்துகள் தேய்ந்தன. இரண்டு வரிகளுக்கு இடையே விழுங்கும் ஓசை கேட்டது, தண்ணீரை அல்ல, அதைவிடக் கனமான எதையோ. பாடும் அறைக் கதவின் கீழிருந்து ஈரம் பரவிக் கம்பளம் கறுத்தது. நனைந்த சுண்ணாம்பின் வாடையும் இரும்பின் வாடையும் சேர்ந்து வந்தன. உடைய உடையக் குரல் அழகாகியது. அதுதான் பயங்கரம். தொண்டை கிழியும் இடங்களில் அவனுக்குக் கண்ணீர் வந்தது; துடைத்துக்கொண்டு, அந்த இடங்களைத் தனியே குறித்து வைத்தான்.

மகள் போன் செய்தாள்.

"அம்மா இப்பல்லாம் கண்ணே மூடறதில்ல சார். தொண்டை கிழியுதுடி அவருக்குன்னு புலம்பறாங்க. நீங்க... சொல்லிட்டீங்கல்ல?"

"சொல்லிட்டேம்மா. அன்னைக்கே."

"அப்ப அம்மாவுக்குத்தான் பிரமை போல. மன்னிச்சுக்குங்க சார், உங்களைப் போய் சந்தேகப்பட்டுட்டேன். நாளைக்குச் சாயந்திரம் வந்து ரீலை வாங்கிக்கறேன்."

அவள் மன்னிப்புக் கேட்டதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. போனை வைத்தபின் வெகுநேரம் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தான். யாராவது காறித் துப்பியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். நாளை அவள் படி இறங்குமுன் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான். ஒரே சொல். அதைச் சொல்ல முடியாத அளவுக்கா கெட்டுப்போய்விட்டோம்?

மறுநாள் மாலை ரீலை ஓட்ட வேண்டியிருக்கவில்லை. விளக்கைப் போட்டதுமே முள் எழுந்தது. அவன் பதிவைத் தொடங்கினான். இது கடைசி, ஆகவே பதிந்து வைப்பதில் தவறில்லை. குரல் பாடியது. இதுவரை பாடியதெல்லாம் இதற்கான ஒத்திகை என்று தோன்றும்படி பாடியது. இறுதி வரிக்கு வந்தது. அங்கே, ஒரே இடத்தில், சுருதி சறுக்கியது.

மௌனம். ஆவி. மூச்சு உள்ளே போனது.

"போதுமா?"

அதில் இப்போது கேள்வி இல்லை. கெஞ்சல் இருந்தது. எதையும் யாசிக்காத அந்தக் குரலில்.

அவன் பொத்தானை அழுத்தினான். சொல் நாக்கில் தயாராக இருந்தது. உதடுகள் அதற்காகக் குவிந்தும்விட்டன.

அந்த ஒரு வரி. அது மட்டும் சரியாக வந்திருந்தால்.

"இன்னொரு தடவை," என்றான்.

பின்னால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் ஓசை. திரும்பவில்லை. கண்ணாடியில் தெரிந்தது: வாசற்படியில் மடக்கிய குடை, அதைப் பிடித்த கை, மகளின் முகம்.

"என்ன சொன்னீங்க இப்ப?"

அவன் மீட்டரின் முள்ளைப் பார்த்தான்.

"சார். அவர்கிட்ட என்ன சொன்னீங்க?"

கண்ணாடியின் ஆவி கலைந்தது. அவள் அவனைத் தாண்டி வந்தாள். குடை விழுந்தது.

மைக்குக்கு எதிரே அவர் நின்றார். இத்தனை வருஷமாக நின்ற நிலையில். சுவரின் ஈரம் உடம்பில் ஏறி, நிறம் சுவரின் நிறமாகியிருந்தது. வாய் திறந்திருந்தது. திறந்தே இருந்து இருந்து, தாடை அதன் பூட்டை விட்டு இறங்கி, கழுத்தருகே தொங்கியது. உதட்டோரங்கள் கிழிந்து ஆறி, ஆறிக் கிழிந்த தடம். உள்ளே இருட்டு. அந்த இருட்டு அசைந்தது.

"அப்பா!" அவள் இரு கைகளாலும் கண்ணாடியில் அறைந்தாள். "போதும்ப்பா! மூடிக்கலாம்ப்பா!"

அவர் திரும்பவில்லை. அவருக்குக் கேட்கவில்லை. கதவுக்கு ஓடினாள், இழுத்தாள், உப்பிய மரம் அசையவில்லை. மறுபடி கண்ணாடிக்கு வந்தாள்.

"பொத்தானை அழுத்துங்க சார்! எது அது? அழுத்துங்க, நான் சொல்றேன்! ஐயோ, அழுத்துங்களேன்!"

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவன் விரல் பொத்தானின் மேல் இருந்தது. இப்போது அழுத்தினால் அவள் குரலும் சேர்ந்து பதிவாகிவிடும்.

உள்ளே இருந்த கண்கள் மகளைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தன. அனுமதிக்காக.

முள் எழுந்தது. முதல் வரி. இரண்டாவது வரி. கண்ணாடியில் அவள் கைகள் அறைந்தபடி இருந்தன. அதற்கு அப்பால் அந்த வாய், இனித் திறக்க இடமில்லாத வாய், இறுதி வரிக்காக இன்னும் கொஞ்சம் திறந்தது.