தானாகப் பிடித்துக்கொண்ட ஐந்து சீட்டுகள்

வெர்னா எந்தப் பொத்தானையும் தொடவில்லை. ஆனாலும் ஐந்து சீட்டுகளுக்கும் கீழே 'ஹோல்ட்' விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அந்தப் பழைய மெஷின் அப்படிச் செய்யாது. ஹென்டர்சன் ஊரில் அந்த மளிகைக் கடைக்கு வருகிற எல்லோருக்கும் இது தெரியும். வாசல் கதவுக்கும் ஐஸ் பெட்டிக்கும் நடுவே நிற்கிற, பணம் போட்டுச் சீட்டாடும் மூன்று போக்கர் மெஷின்களும் ஒரே ரகம். முதல் ஐந்து சீட்டிலேயே ஜெயிக்கிற கை வந்தாலும், ஒவ்வொரு சீட்டையும் நாம்தான் 'ஹோல்ட்' பொத்தான் அழுத்திப் பிடித்துவைத்துக்கொள்ள வேண்டும். மறந்துபோய், பிடிக்காத சீட்டுகளை மாற்றித் தரும் 'டிரா'வைத் தட்டினால் ஐந்தும் போய்விடும். பக்கத்து வீட்டு இர்மா அப்படித்தான் கைக்கு எட்டியதை வாய்க்கு எட்டாமல் செய்துகொண்டு ஒரு வாரம் எழுந்திருக்கவே இல்லை.

இப்போது வெர்னாவின் எதிரில் பத்து, ஜாக், ராணி, ராஜா, ஏஸ். ஐந்தும் இஸ்பேடு. ராயல், போக்கரிலேயே பெரிய கை. முப்பது வருஷம் பள்ளி பஸ் ஓட்டிய காலத்திலும், ஓய்வுபெற்ற பிறகும், அவள் கண்ணில் ஒருமுறைகூடப் படாத கை.

வெளியே வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. டிரக்கில் அவள் கணவர் டுவைட் மூக்கில் குழாயும் மடியில் ஆக்சிஜன் சிலிண்டருமாக உட்கார்ந்திருந்தார். வண்டியின் ஏசி போன மாதமே படுத்துவிட்டது. அவருக்காக ஒரு பை ஐஸ் வாங்கத்தான் அவள் உள்ளே வந்தாள். "சீக்கிரம் வா கிழவி. மெஷின் பக்கம் திரும்பினே, நானே இறங்கி வந்து காதைப் பிடிச்சு இழுத்துட்டுப் போவேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஆசை யாரை விட்டது? ராயலுக்கு ஆயிரம் டாலர். ஏசியைச் சரிசெய்துவிடலாம்.

அவள் 'டிரா'வை அழுத்தினாள். மணி அடித்தது. திரை உறைந்து நின்றது.

மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் கொரீன் சாவிக்கொத்து குலுங்க வந்து, பணத்தை எண்ணி அவள் மடியில் வைத்தாள்.

"இன்னும் ஒரு கை ஆடிட்டுப் போங்கம்மா. ஜெயிச்ச கையைத் திரையில விட்டுட்டுப் போகக் கூடாது."

அது இங்கே எல்லாக் கடையிலும் உள்ள வழக்கம். வெர்னா மறுபேச்சில்லாமல் பொத்தானைத் தட்டினாள்.

பத்து, ஜாக், ராணி, ராஜா, ஏஸ். ஐந்து விளக்குகளும் தாமாகவே எரிந்தன. மணி அடித்தது.

"அட, மறுபடியும் வந்துடுச்சே" என்றாள் கொரீன். அவள் குரலில் வியப்பே இல்லை. "உட்காருங்க. குடுத்துடறேன். அப்புறம் ஒரு கை."

அப்போதுதான் வெர்னாவுக்கு அந்த நாற்றம் தட்டியது. முதலில் ஐஸ் பெட்டியின் ஈரவாடை என்று நினைத்தாள். பிறகு அதன் அடியிலிருந்து, துணியில் கொட்டி நாள்பட்டுத் திரிந்த பாலின் புளிப்பு மெல்ல மேலே ஏறி, குளிர்சாதனக் காற்றோடு கலந்து, அவள் தொண்டைக்குள் இறங்கியது. இடதுபக்க மெஷினில் உட்கார்ந்திருந்த கிழவரின் காலடியில் ஒரு மளிகைப் பை. அதிலிருந்து வழிந்த பால் தரையில் மஞ்சளாகக் காய்ந்திருந்தது. அவருடைய திரையிலும் இஸ்பேடு ராயல்.

"ரொம்ப நேரமா இருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"பேரனுக்குப் பால் வாங்க வந்தேன்" என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒரு கை ஆடிட்டுப் போயிடுவேன்."

அவருடைய ஐந்து விரல்களும் ஐந்து 'ஹோல்ட்' பொத்தான்கள்மேல் இருந்தன. நகங்கள் வளர்ந்து, பலகையின் விளிம்பைத் தாண்டி வளைந்திருந்தன.

போதும். ஆயிரமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். வெர்னா எழுந்திருக்கப் பார்த்தாள்.

வலதுகை வரவில்லை.

அந்தக் கையின் விரல்களும் அவள் மெஷினின் ஐந்து 'ஹோல்ட்' பொத்தான்கள்மேல்தான் இருந்தன. எப்போது வைத்தாள் என்று தெரியவில்லை. சுண்டுவிரலைத் தூக்கப் பார்த்தாள். ஏஸின் அடியில் விளக்கு பளிச்சென்று எரிந்தது. விரல் அசையவில்லை. புலிவாலைப் பிடித்த கதைதான். ஆனால் இங்கே வால்தான் அவளைப் பிடித்திருந்தது.

"கொரீன், என் வீட்டுக்காரர் வண்டியில இருக்கார். நீலக் கலர் டிரக். சிலிண்டர் தீரப் போவுது. போய்ப் பாரும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்."

"ஜெயிச்ச கை திரையில இருக்கும்போது நான் நகரக் கூடாதும்மா. உங்களுக்குத் தெரியாததா?"

"நான் ஜெயிக்கவே இல்லைன்னு வச்சுக்கோ."

"ஒரு கை ஆடுங்க. முடிஞ்சுடும்."

இடதுகையால் தட்டினாள். ராயல். மணி. தட்டினாள். ராயல். மடியில் இடமில்லாமல் நோட்டுகள் சரிந்து காய்ந்த பால்மேல் விழுந்தன. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் நீல டிரக். ஜன்னலில் ஒரு உள்ளங்கை. டுவைட்டின் கை. அது கண்ணாடியைத் தட்டியது. மறுபடி தட்டியது. பிறகு மெதுவாக வழுக்கிக் கீழே இறங்கியது.

"டுவைட்" என்று கத்தினாள். மணிச் சத்தத்தில் அவளுக்கே கேட்கவில்லை.

தட்டினாள். ராயல்.

தட்டினாள்.

வாசல் கதவு தானாகத் திறந்தது. அனல் உள்ளே வந்தது. அதோடு டுவைட்.

நடந்து வந்தார். குழாய் இல்லை. சிலிண்டர் இல்லை. மூச்சு வாங்கவில்லை. வெர்னா அழுதேவிட்டாள். வந்துவிட்டார். காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகட்டும். காதே கழன்று போனாலும் சரி.

அவர் அவள் காதைத் தொடவில்லை. வலதுபக்கம் காலியாக இருந்த மெஷினில் உட்கார்ந்தார். பணம் போட்டார். ஐந்து சீட்டுகள். ஐந்து விளக்குகள். ஐந்து விரல்களையும் வரிசையாக வைத்தார்.

"இங்க ஜில்லுன்னு இருக்கு, வெர்னா" என்றார்.

அவள் அவரைத் தாண்டிக் கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். டிரக்கின் ஜன்னலில் டுவைட்டின் தலை சாய்ந்திருந்தது. மூக்கில் குழாய் அப்படியே இருந்தது. வாய் திறந்திருந்தது.

"ஒரு கை ஆடுங்கம்மா" என்றாள் கொரீன்.