மூன்று பத்துக்குக் கத்தும் பெட்டி

அந்த முதியோர் இல்லத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மதியம் இரண்டு மணி. வாசலிலேயே புதுப் பெயின்ட் வாசனை மூக்கில் ஏறியது. சுவருக்கு வெள்ளை, கதவுகளுக்கு நீலம், நடைவழி முழுக்கப் புது டைல்ஸ். மூன்று மாதத்துக்கு முன்னால் இங்கே தீப்பிடித்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நம்பக் கூடாது என்றுதான் இத்தனை பெயின்ட்டையும் அடித்திருந்தார்கள்.

தீ எச்சரிக்கை மணிகளைப் பராமரிக்கும் கம்பெனியில் நான் பதினான்கு வருடமாக டெக்னீஷியன். மணியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்த மணிக்குக் கரண்ட் கொடுக்கும் சிவப்புப் பெட்டியை அநேகமாகப் பார்த்திருக்க மாட்டீர்கள். மாடிப்படிக்கு அடியிலோ, துடைப்பம் வைக்கும் அறையிலோ கேட்பாரற்றுக் கிடக்கும். உள்ளே ஒரு சார்ஜர், பக்கத்தில் இரண்டு பேட்டரி, அவ்வளவுதான். தீ விபத்தில் முதலில் போவது கரண்ட். அதன் பிறகு மணி அடிப்பதும் அடிக்காததும் அந்த இரண்டு பேட்டரியின் கையில்தான் இருக்கிறது.

பேட்டரி செத்துவிட்டால் பெட்டி தானே சொல்லிவிடும். மஞ்சள் விளக்கு எரியும். உள்ளே இருக்கும் சின்ன பஸ்ஸர் கீ, கீ என்று கத்தும். பக்கத்தில் உள்ள பட்டனை அமுக்கினால் அடங்கும். ஆனால் இருபத்துநாலு மணி நேரம் கழித்து, நிமிடம் பிசகாமல் மறுபடியும் கத்தும்.

இந்தப் பெட்டி தினமும் மதியம் மூன்று பத்துக்குக் கத்தியது. அதைக் காது கொடுத்துக் கேட்டவர் அந்தக் கட்டிடத்தில் ஒரே ஒருவர்தான், வார்டு ஆயா.

மூன்று மாதத்துக்கு முந்தைய ஒரு மதியம், சமையலறைக்குப் பின்னால் பொறி பிடித்தது. கரண்ட் போனது. ஒரு மணியும் அடிக்கவில்லை. சாப்பிட்டுவிட்டு எல்லோரும் தூங்கும் நேரம். ஆயாதான் புகையைப் பார்த்தார். எழுந்து நடக்க முடியாத பன்னிரண்டு பேர் படுத்திருந்த வார்டு அது. சக்கரக் கட்டில்களை ஒவ்வொன்றாக இழுத்து வாசலுக்குக் கொண்டுவந்தார். பதினொரு கட்டில் வந்தது. பன்னிரண்டாவதை இழுக்கப் போனவர் திரும்பவில்லை. அந்தக் கட்டிலில் இருந்த பெரியவரும் வரவில்லை.

தீயணைப்புத் துறையின் விசாரணை அறிக்கை ஒன்றரைப் பக்கம். பேட்டரி நன்றாக இருந்தது என்று பெட்டியில் தொங்கும் சோதனைக் கார்டு சொல்கிறதாம். பஸ்ஸர் ஒயரை ஆயா பிடுங்கிவிட்டதால்தான் பழுது தெரியாமல் போனதாம். செத்துப்போனவர் மேல் பழியைப் போட்டால் எதிர்த்துப் பேச ஆள் வராது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆள் வந்தார். ஆயாவின் வீட்டுக்காரர், அறிக்கையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு எங்கள் ஆபீஸ் வாசலில் நின்றார்.

"என் சம்சாரம் எதுக்கு சார் ஒயரைப் புடுங்கணும்? அவளுக்கு டிவி ரிமோட்டே பயம் சார். தெருவுல என் முகத்தைப் பார்த்தே கேக்குறாங்க, உன் பொண்டாட்டிதானே அந்தப் பெரியவரைக் கொன்னதுன்னு."

என் கையில் டீ இருந்தது. "தெரியலைங்க" என்றேன்.

எனக்குத் தெரியும். ஒயரை உருவச் சொன்னது நான்தான்.

சர்வீஸ் நம்பருக்கு வரும் போனை அந்த மாதம் நான் எடுத்துக்கொண்டிருந்தேன். தினமும் மூன்று பத்துக்கு ஆயா கூப்பிடுவார். "தம்பி, பெட்டி மறுபடியும் கத்துதுப்பா." நான் பட்டனை அமுக்கச் சொல்வேன். எங்கள் மேனேஜரிடம் பேட்டரி கேட்டால் அடுத்த மாதம் என்பார். பதினாறாவது நாள் எனக்கு எரிச்சல் தலைக்கேறிவிட்டது. "அம்மா, பஸ்ஸருக்குக் கீழ மஞ்சள் கலர்ல மெல்லிசா ரெண்டு ஒயர் இருக்கும். அதை உருவி விட்டுடுங்க. நிம்மதியா இருக்கலாம்" என்றேன். கொஞ்ச நேரத்தில் அவரே திரும்பக் கூப்பிட்டு, "இப்ப அமைதியா இருக்குப்பா, எல்லாரும் நல்லா தூங்குறாங்க" என்று நன்றி வேறு சொன்னார். தீப்பிடித்தது எட்டு நாள் கழித்து.

இப்போது அதே பெட்டியைச் சரிபார்க்க என்னையே அனுப்பியிருந்தார்கள். நாளை மறுநாள் இல்லம் திறப்பு. நாளைக்குத் தீயணைப்பு அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். மேனேஜர் போனில் சொன்ன யோசனை இது: "பழைய பேட்டரியையே நல்லா தொடச்சு, புது ஸ்டிக்கர் ஒட்டிடு. கார்டுல ஓகே போட்டுட்டு வந்துடு. புதுசு அடுத்த மாசம் பார்த்துக்கலாம்."

அடுத்த மாதமாம். அந்த வாயில் அமிலத்தை ஊற்றினால் என்ன என்று தோன்றியது.

மாடிப்படிக்கு அடியில் இருந்த அறைக் கதவைத் திறந்தேன். வெளியே இறைத்த பெயின்ட்டில் ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை. சுவர் கரியாக இருந்தது. ஜன்னல் கிடையாது. அணைந்து மாதக்கணக்கான புகை நாற்றம், அதனோடு செத்த பேட்டரியின் அழுகிய முட்டை நாற்றம். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பெட்டியைத் திறந்தேன்.

கதவின் உள்பக்கம் கார்டு தொங்கியது. மூன்று வருடமாக, மூன்று மாதத்துக்கு ஒரு வரி. எல்லா வரியும் ஒன்றே: 27.3 வோல்ட், ஓகே. கையெழுத்து எங்கள் கம்பெனி ஆளுடையது. அவன் பெயரே எங்களுக்கு மறந்துபோய் 'ஓகே' என்றுதான் கூப்பிடுகிறோம். சார்ஜர் ஓடும்போதே மீட்டரை வைப்பான். அப்போது மீட்டர் காட்டுவது சார்ஜரின் பலத்தை. பேட்டரி செத்து நாறிக்கொண்டிருந்தாலும் 27.3 வரும். கரண்ட்டை நிறுத்தி, மணியை அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு அவனுக்குப் பொறுமையில்லை. அவனைக் கேட்கிற ஆளும் இல்லை. உண்மையைச் சொன்னால், கேட்டிருக்க வேண்டிய ஆள் நான்.

மெயின் கரண்ட்டை நிறுத்தினேன். இரண்டு பேட்டரியையும் கழற்றித் தரையில் வைத்தேன். பக்கங்கள் உப்பியிருந்தன. ஒரே ஒரு மணியை மட்டும் அவற்றில் கோத்துப் பார்த்தேன். அரை ஓசை வந்தது. மீட்டர் நாலு வோல்ட்டுக்கு விழுந்தது. மணியையும் கழற்றி வைத்தேன்.

பெட்டி காலியாக இருந்தது. விளக்கு எதுவும் எரியவில்லை. பஸ்ஸருக்குக் கீழே இரண்டு மஞ்சள் ஒயர்களும் ஆயா உருவிவிட்டபடியே தொங்கின.

மணி பார்த்தேன். மூன்று பத்து.

கீ.

டார்ச் வாயிலிருந்து விழுந்தது.

கீ. கீ.

இருட்டில் கையை நீட்டி பஸ்ஸரைத் தொட்டேன். அது விரலுக்கடியில் அதிர்ந்தது. சூடாக இருந்தது. பதினான்கு வருடப் பழக்கம், கை தானாகப் போய்ப் பட்டனை அமுக்கியது.

சத்தம் நின்றது.

அப்போது வெளியே நடைவழியில் ஒரு கட்டிலின் சக்கரம் கிறீச்சிட்டது.

எண்ணெய் போடாத சின்னச் சக்கரம். அதன் முன்னால் ரப்பர் செருப்பு சரசரவென்று பின்னோக்கி நடக்கும் ஒலி. என் கதவைக் கடந்து வாசல் பக்கம் போனது. பிறகு வெறும் செருப்பு மட்டும் ஓடித் திரும்பியது. மறுபடியும் சக்கரம். கதவிடுக்கு வழியாகப் புகை நாற்றம் வந்தது. இது பழைய நாற்றமில்லை. கண் எரிந்தது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன் என்பது ஐந்தாவது கட்டில் போனபோதுதான் எனக்கே தெரிந்தது.

ஒன்பது.

பத்து.

பதினொன்று.

செருப்பு ஓடித் திரும்பியது. இந்த முறை இருமலும் கேட்டது. பன்னிரண்டாவது சக்கரம் நகர ஆரம்பித்தது. நெருங்கி வந்தது. நெருங்கி வந்தது.

என் கதவுக்கு வெளியே நின்றுவிட்டது.

என் சட்டைப்பையில் போன் அடித்தது. திரையில் இந்த இல்லத்தின் வார்டு நம்பர். அந்த போன் உருகி மேசையோடு ஒட்டிக் கிடந்ததை விசாரணைப் படங்களில் நானே பார்த்திருக்கிறேன்.

எடுத்தேன்.

"தம்பி, பெட்டி மறுபடியும் கத்துதுப்பா."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"நீங்க சொன்ன மாதிரியே அந்த ரெண்டு ஒயரையும் உருவிட்டேனே தம்பி. நான் ஏதும் தப்பா பண்ணிட்டேனா?"

அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். திட்டியிருந்தால், சாபம் விட்டிருந்தால் தேவலை. தப்பு தன் மேல்தானோ என்று செத்த பிறகும் பயந்துகொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் இருட்டும் பயமும் இரண்டாம்பட்சமாகிவிட்டன.

"நீங்க ஒரு தப்பும் பண்ணலம்மா" என்றேன். "நான்தான் பண்ணினேன்."

போன் அடங்கியது. கதவைத் தள்ளித் திறந்தேன். நடைவழியில் யாருமில்லை. மதிய வெயில் டைல்ஸில் பளிச்சென்று கிடந்தது. அதன் மேல் வார்டிலிருந்து என் கதவு வரை இரண்டு கரிக்கோடுகள். கதவோடு நின்றுவிட்டன.

சத்தம் கேட்டு இல்லத்தின் நிர்வாகி வந்தார். கோடுகளைப் பார்த்தார். "என்ன சார், புது டைல்ஸை இப்படி நாசம் பண்ணிட்டீங்க?" என்றார். அவரை அறையாமல் இருந்ததற்கு இன்றும் வருத்தப்படுகிறேன்.

கார்டை எடுத்துக் கடைசி வரியில் எழுதினேன்: 'மணி ஓடும்போது 4 வோல்ட். பேட்டரி செத்து வெகுகாலம் ஆகிறது. பஸ்ஸர் ஒயரை உருவச் சொன்னது நான். ஆயா மேல் குற்றமில்லை.' முழுக் கையெழுத்துப் போட்டேன். கார்டையும் இரண்டு பேட்டரியையும் வண்டியில் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

கார்டைப் பார்த்த நிர்வாகி சொல்லியிருக்க வேண்டும், வழியிலேயே மேனேஜர் கூப்பிட்டார். "உனக்கென்ன பைத்தியமா? வேலை போகும், கேஸ் வரும், உள்ள போவே."

"போறேன் சார். நீங்களும் வாங்க, ஒண்ணா போவோம்" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

மறுநாள் மதியம் தீயணைப்பு அதிகாரியின் அறை. கார்டையும் உப்பிப்போன பேட்டரிகளையும் அவர் மேசையில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், நேற்றுக் கேட்டதைத் தவிர. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரிப்போர்ட் முடிஞ்சு போச்சுப்பா. இனிமே தோண்டி என்ன ஆகப்போகுது? அந்த அம்மாதான் இல்லையே, யாருக்கு நஷ்டம்?"

"அவங்க வீட்டுக்காரர் இருக்கார் சார். நாளைக்கு அந்த வார்டுல படுக்கப்போற பன்னெண்டு பேர் இருக்காங்க."

"மணி நல்லாத்தான் அடிக்கும். நீ கவலைப்படாதே." ஆயாவைக் குற்றம் சொன்ன கோப்பை மூடி ஓரமாகத் தள்ளினார். திறப்பு அனுமதித் தாளை எடுத்து முன்னால் வைத்துப் பேனா மூடியைக் கழற்றினார்.

அறைக்கு வெளியே, சுவரில், சிவப்புப் பெட்டி ஒன்று இருந்தது.

கீ.

அதிகாரி நிமிர்ந்தார்.

கீ. கீ. கீ.

"யாருய்யா அங்க? அந்தப் பெட்டியை நிறுத்து!"

வெளியே பியூன் பெட்டியைத் திறக்கும் சத்தம். கத்தல் மட்டும் தொடர்ந்தது. கடைசியில் அவர் வாசலில் வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"சார், இதுல ஒயர் கெடையாது சார். தொந்தரவா இருக்குன்னு நீங்கதான் போன வருஷம் புடுங்கச் சொன்னீங்க."

மேசையில் இருந்த போன் அடித்தது. அதிகாரி என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். தயங்கித் தயங்கிப் போனை எடுத்துக் காதில் வைத்தார். கேட்டார். நெற்றியில் வியர்வை அரும்பியது. பேனா கையிலிருந்து நழுவி அனுமதித் தாளின் மேல் உருண்டது. மறு கையால் மெதுவாக, ஓரமாகத் தள்ளிய கோப்பைத் தன் பக்கம் இழுத்துத் திறந்தார்.

"யாரோ ஒரு அம்மா" என்றார், என்னைப் பார்க்காமல். "'நான் ஏதும் தப்பா பண்ணிட்டேனா'ன்னு கேக்குறாங்க."