பெருமாள் சூடாத பூ

‘இது பெருமாளுக்கு உண்டான பூவா, இல்லையா?’

வஸுமதி இதை யாரிடமும் கேட்கவில்லை. மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, கொல்லையில் டால்டா டின்னுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

திருமலையில் பூக்கிற பூவெல்லாம் பெருமாளுக்குத்தான். மல்லிகையானாலும் சாமந்தியானாலும், மலைமேல் யாரும் தலையில் வைத்துக்கொள்வதில்லை. ஆனால் கள்ளிப்பூவைக் கோயிலில் வாங்க மாட்டார்கள் என்று அப்பா சொல்லியிருந்தார். அப்படியானால் இது யாருடைய பூ?

டின்னில் தேங்காய் அளவுக்கு ஓர் உருண்டைக் கள்ளி. பெங்களூர்ச் சித்தப்பா கொடுத்தது இரண்டு. துளசிக்கு விடுவதுபோலத் தினமும் ஒரு சொம்பு தண்ணீர் விட்டு, ஒன்றை வஸுமதியே அழுகவைத்துவிட்டாள். மற்றதை மணலில் வைத்து, கை துறுதுறுத்தாலும் அடக்கிக்கொண்டு, நாலு வருஷம் காத்தாள்.

“உன் முள்ளம்பன்றி இன்னிக்காவது வாயைத் திறந்ததா?” என்று அடுத்த வீட்டுப் பத்மினி தினமும் கேலி செய்வாள்.

இன்று காலை திறந்துவிட்டது! பஞ்சு ஒட்டினாற்போல நீளக் காம்பு. அதன் நுனியில், வெளிர் ரோஜா நிறத்தில், உள்ளங்கை அகலப் பூ. உள்ளே மஞ்சள் பொடி தூவிய மெல்லிய நூல்கள். இவ்வளவு மென்மையை இத்தனை நாள் முள்ளுக்குள் எங்கே ஒளித்து வைத்திருந்தது? மத்தியானத்துக்குள் வாடிவிடும் என்று சித்தப்பா எழுதியிருந்தார். அதனால் கண்ணை எடுக்கவே மனசில்லை.

“வஸு! நாங்க கிளம்பியாச்சுடி!”

பத்மினிதான். அவள் அப்பா தமிழ் வாத்தியார். திருத்தணி மெட்ராஸ் ராஜ்யத்தோடு சேர்ந்ததும் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்துவிட்டது. பத்து மணி பஸ்ஸில் குடும்பமே மலை இறங்குகிறது.

“ஐயோ, முள்ளம்பன்றி பூத்துடுத்தா!” பத்மினியின் கண் விரிந்தது. “எனக்குக் குடுடி. கீழே இறங்கினதும் தலையில வச்சுக்கறேன். அங்கே யாரு கேக்கப்போறா?”

வஸுமதி டின்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ‘பெருமாள் கோவிச்சுப்பார்’ என்றால் பத்மினி உடனே விட்டுவிடுவாள். ஆனால் அது பொய். பூ வேண்டியிருந்தது வஸுமதிக்குத்தான். பறிக்காமல், செடியிலேயே. மாட்டேன் என்றால் பத்மினி கோபத்தோடு போய்விடுவாளோ? இனி எப்போது பார்க்கப்போகிறோம்?

கள்ளியின் அடியில் நெல்லிக்காய்போல ஒரு குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. வஸுமதி கையில் துணியைச் சுற்றிக்கொண்டு அதை மெல்லத் திருகி எடுத்தாள். கொட்டாங்கச்சியில் வைத்து நீட்டினாள்.

“இது உனக்கு. ரெண்டு நாள் காயவிட்டு மணல்ல வை. தண்ணியைக் கொட்டிடாதே.”

“இதுல பூவே இல்லையே!”

“பூக்கும்.”

“எப்போ?”

“மூணு நாலு வருஷம் ஆகும்.”

“அதுக்குள்ள நான் எட்டாங் கிளாஸ் போயிடுவேனே!”

“போயேன். இதுவும் உன்னோடயே வளரும்.”

பத்மினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொட்டாங்கச்சியை மார்போடு அணைத்தவள், “ஆ! இப்பவே கடிக்கறதுடி!” என்று துள்ளினாள். வஸுமதியும் சேர்ந்து சிரித்தாள்.

வாசலிலிருந்து பத்மினியின் அம்மா கூப்பிட்டாள். “பஸ் போயிடும், வா!”

பத்மினி போகவில்லை. பூவுக்கு நேரே குனிந்தாள்.

“ஒரே ஒரு இதழ்?”

“ம்ஹூம்” என்றாள் வஸுமதி மெதுவாக. பத்மினியும் நன்றாகப் பார்க்கட்டும் என்று, நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தாள்.