மலைக்கு முதுகு கொடுத்தது

ஐந்து நாளாக விடாமல் பெய்த மழையில் மகள் சுதர்சினியின் வெள்ளைச் சட்டை காய்ந்திருந்தது. விஜயலெட்சுமி அதைக் கையில் எடுத்து, முகர்ந்து பார்த்து, மறுபடியும் தொட்டுப் பார்த்தாள். கார்த்திகை மாதத்தில் தோட்டத்தின் மேற்கணக்கு லயத்தில் எதுவும் காய்வதில்லை. உப்பு ஜாடிக்குள்ளேயே தண்ணீராகிவிடும், தீப்பெட்டியை அரிசிக்குள் புதைத்து வைக்க வேண்டும், பாயைத் தூக்கினால் அடியில் பூஞ்சணம் ஆள் படுத்த அளவுக்குப் பூத்திருக்கும். காலையில் ஈரம் சொட்டச் சொட்ட அந்தச் சட்டையைப் பின்சுவர் ஆணியில் மாட்டியது வேறு இடமில்லாததால்தான். இப்போது பகல் மூன்று மணி. சட்டை மொடமொடவென்று இருந்தது.

சுவரில் உள்ளங்கையை வைத்தாள். சுவர் சூடாக இருந்தது. அடுப்புச் சூடு இல்லை, வெயில் சூடும் இல்லை. காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெஞ்சைத் தடவிக் கொடுக்கும்போது துணிக்கு மேலே தெரியுமே, அந்தச் சூடு.

தெமோதரைக்கு மேலே, தேயிலை மலைச் சரிவில், ஒரு குடும்பத்துக்கு ஓர் அறையாகப் பன்னிரண்டு காம்பராக்கள் வரிசையாக நிற்கும் லயம் அது. அவர்களுடையது கடைசிக் காம்பரா. வெள்ளைக்காரன் காலத்தில் மலையைச் செதுக்கிக் கட்டியபோது இடம் போதாமல் கடைசிக் காம்பராவின் பின்சுவரை மண்மேட்டோடு ஒட்டியே எழுப்பிவிட்டார்கள். வருஷம் முழுக்கத் தண்ணீர் கசியும் சுவர் அது. கல்யாணமாகி வந்த பதினாறு வருஷத்தில் அது ஒரு நாள் கூடக் காய்ந்து அவள் பார்த்ததில்லை.

"கீழ பள்ளிக்கூடத்துக்குப் போயிருவோங்க" என்றாள் அன்று மாலை, புருஷன் கணபதியிடம். கிராம சேவகர் காலையிலேயே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். மலை இறங்கலாம், எல்லோரும் பள்ளிக்கூடத்தில் போய்த் தங்குங்கள் என்று.

கணபதி அசையவில்லை. போன வருஷமும் முந்தின வருஷமும் அப்படித்தான் இறங்கிப் போனார்கள். மலை இருந்த இடத்திலேயே இருந்தது. திரும்பி வந்தபோது கேஸ் சிலிண்டரைத்தான் காணோம். அவன் சுவரில் கன்னத்தை வைத்து, கண்ணை மூடி, சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தான். "என்னா சுகமா இருக்கு புள்ள. இத விட்டுட்டு அந்த சிமெந்துத் தரையில போயி படுக்கச் சொல்றியா?"

கணபதி கவ்வாத்துக்காரன். தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டிக் குட்டையாக்குகிற வேலை. வருஷத்துக்கு ஒரு முறை கத்தியை எடுக்கும் முன் ஒரு கல்லை நட்டு, பொட்டு வைத்து, அதற்குக் கவ்வாத்துச்சாமி என்று பூசை போட்டுவிட்டுத்தான் மலையில் கால் வைப்பார்கள். தொழிற்சாலைச் சக்கரத்துக்கும் ஒரு முனி உண்டு. இந்த ஜனங்கள் புரியாத எதையும் சும்மா விட்டுவைப்பதில்லை. ஒரு கல், ஒரு துளிக் குங்குமம், அவ்வளவுதான். அதற்கப்புறம் அது வீட்டு ஆள்.

காம்பராவுக்குப் பக்கத்தில், மண்மேடு வெளியே தெரிகிற சிறிய முற்றத்தில், மேட்டோரமாகக் கணபதி மூன்று கல்லை நட்டுவிட்டு வந்தான். மழை உடனே குங்குமத்தைக் கழுவிக்கொண்டு போனது.

மறுநாள் காலையில் பெரட்டுக்கு, ஆள் எண்ணி வேலை பிரிக்கிற இடத்துக்கு, யாரையும் கூப்பிடவில்லை. வேலை இல்லாத ஆண்கள் முதல் காம்பராவில் தலைவர் பொன்னையாவைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். சுதர்சினி இராக்கம்மா வீட்டில் அவள் பேரனைக் கொஞ்சப் போயிருந்தாள். பிறந்து முப்பது நாள் ஆன பிள்ளை. மத்தியானம் பனிமூட்டம் இறங்கி, கதவு வழியாக உள்ளே வந்து, அடுப்படி வரைக்கும் நிறைந்தது. விஜயலெட்சுமி ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். தகரத்தில் மழைச் சத்தம் நின்றது. நின்ற பிறகும் ஒரு சத்தம் மிச்சம் இருந்தது.

அது சுவருக்குள்ளிருந்து வந்தது. நீளமாக உள்ளே இழுக்கிற மூச்சு. பாரம் தூக்குகிறவன் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்குகிற மாதிரி, எண்ணிப் பார்த்தால் ஐம்பது அறுபது வரைக்கும் அடக்கிய மூச்சு. பிறகு மெல்ல வெளியே விட்ட மூச்சு. ஒவ்வொரு மூச்சுக்கும் கூரைக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து பொடி மண் உதிர்ந்து மாவில் விழுந்தது. கூடவே ஒரு வாசனை வந்தது. வெட்டிய மண், பழைய வேர், அதற்கும் அடியில் தேங்காயெண்ணெய், சுட்ட கருவாடு, பால் குடித்த பிள்ளையின் வாய். இந்த லயத்தில் யார் யாரோ வாழ்ந்த வாசனையெல்லாம் அதற்குள் ஊறிக் கிடந்தது.

"லெட்சுமி."

செத்துப்போன பக்கத்து வீட்டுக் கிழவியின் குரல்.

"எல்லாரையும் கூட்டிக்கிட்டு எறங்கிப் போயிரு."

முதல் சொல் கிழவியுடையது. அடுத்தது ஒரு சின்னப் பெண்ணுடையது. கடைசிச் சொல் இருமலோடு ஓர் ஆணுடையது. சுவர் வழியாகக் கேட்ட குரல்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அது பேசியது.

"யாரு?" என்றாள்.

"இந்த மலைய ஒங்க மேல தள்ளிவிடத்தான் என்னய அனுப்பி வச்சாங்க. லயம் கட்டுன வருஷமே." மூச்சு இழுத்தது. மண் உதிர்ந்தது. "அன்னைக்கி தள்ளப் போனேன். உள்ளாற ஒரு பச்சப்புள்ள அழுதுச்சு. அம்மாக்காரி தாலாட்டுப் பாடுனா. பாடி முடிக்கட்டும்னு நின்னேன். அது தூங்குறதுக்குள்ள அடுத்த காம்பராவுல இன்னொரு புள்ள அழுதுச்சு."

மாவுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவள் சுவருக்குப் பக்கத்தில் போனாள்.

"ஒம் மக இங்கதான் பொறந்தா. மூணு தடவ அழுதா, அப்புறம் சத்தத்தக் காணோம். நாலாவது தடவ அழுவுறாளான்னு நான் மூச்ச விடாம கேட்டுக்கிட்டு நின்னேன்."

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தோட்டத்து லொறி வராத அந்த நாளை அவள் யாரிடமும் சொன்னதில்லை. நீலம் பாரித்துக் கிடந்த பிள்ளை நான்காவது முறை அழுதபோது காம்பராவில் அவளும் மருத்துவச்சியும் மட்டும்தான் இருந்தார்கள். பயத்தோடு பயமாக இன்னொன்றும் வந்தது, அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. பாவமாக இருந்தது. வேலைக்குப் போய் வந்த மனுசனுக்குச் செய்வது போல அந்தச் சுவருக்குத் தைலம் தேய்த்துவிட வேண்டும் போல இருந்தது.

"கை வலிக்குது லெட்சுமி. இந்த மழைக்கு மேல முடியாது."

கணபதி வந்ததும் ஒரு சொல் விடாமல் சொன்னாள். அவன் நம்ப மாட்டான் என்றுதான் நினைத்தாள். அவன் நம்பினான். அதுதான் கேடாகப் போயிற்று. கண் கலங்கி, சுவரைத் தொட்டுக் கும்பிட்டு, பொன்னையாவையும் கூட்டி வந்தான்.

"அது சாமி இல்ல தலைவரே" என்றாள். "அழிக்க வந்தேன்னு அதுவே சொல்லுது. நம்மள போகச் சொல்லுது."

"நூத்தி அம்பது வருஷமா முதுகு குடுத்து தாங்கிக்கிட்டு நிக்கிது. நம்ம ஒரு சேவல் குடுத்தமா அதுக்கு?" என்றார் பொன்னையா. "கை வலிக்காம என்னா செய்யும்?"

"அதுதான் முடியலன்னு சொல்லுதே."

"காவல் நிக்கிறத அம்போன்னு விட்டுட்டு ஓடுனா நம்ம மனுசங்களா லெட்சுமி?" என்றான் கணபதி. "நாளைக்கிப் பூசைய முடிச்சிட்டு எல்லாரும் ஒண்ணா எறங்குவோம். நான் சொல்றேன்ல."

அவள் சரி என்றாள். அப்போதே மகளை இழுத்துக்கொண்டு இறங்கியிருக்க வேண்டும். புருஷனை விட்டுப் போக மனம் வரவில்லை, அதனால் சரி என்றாள்.

மறுநாள் வியாழக்கிழமை, நான்கு மணிக்கு மழை சற்றே விட்டது. பன்னிரண்டு காம்பரா ஆட்களும் அந்தச் சிறிய முற்றத்தில், மண்மேட்டுக்கு ஓரடி தள்ளி, நெருக்கியடித்து நின்றார்கள். குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, நல்ல சேலை உடுத்தி வந்திருந்தார்கள். சூடத் தட்டு சுதர்சினியின் கையில் இருந்தது. தப்பு அடிக்கத் தொடங்கினார்கள். பனிமூட்டம் ஆட்களுக்கு நடுவே புகுந்து, தலைகளை மட்டும் விட்டுவிட்டு உடம்புகளை அழித்தது. விஜயலெட்சுமி எல்லோருக்கும் பின்னால், பாதை ஆரம்பிக்கிற இடத்தில் நின்றாள். காதுக்குள் தப்புச் சத்தம், அதற்கும் கீழே அந்த மூச்சு. இழுத்தது. அடக்கியது. எண்ணினாள். முப்பதுகூட வரவில்லை.

பனி ஒரு நிமிஷம் விலகியது.

மேட்டில் வேர் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தது வேர் இல்லை. புடைத்த நரம்பு. அது ஒரு கையில் ஓடியது. அந்தக் கை, முதல் காம்பராவுக்கு மேலே வரை நீண்டு மலைக்குள் புதைந்திருந்தது. மற்றொரு கை இந்தப் பக்கம், தேயிலைக்கு அடியில். நடுவில் தோள்கள். தோளுக்கு மேலே மலை. குனிந்த தலை. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பள்ளம், இரண்டிலிருந்தும் செம்மண் தண்ணீர் நிற்காமல் வழிந்தது.

அது அவளைப் பார்த்தது. வாய் அசைந்தது. தப்புச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் தெரிந்தது. போ.

அவள் கத்தினாள். யாருக்கும் கேட்கவில்லை. ஆட்களைப் பிளந்துகொண்டு ஓடி மகளின் கையைப் பிடித்தாள். தட்டு விழுந்தது. சூடம் சேற்றில் அணைந்தது. கணபதியின் முகத்தில் கோபம், பிறகு வெட்கம்.

"வாங்க. ஒங்க காலப் புடிக்கிறேன், வாங்க."

"பூசை நடக்குது புள்ள" என்றான் தாழ்ந்த குரலில். "நீ போ. வந்துர்றேன்."

சுதர்சினியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடினாள். பாதை வளைவு வரைக்கும். முழங்கால் அளவு தண்ணீர். சுதர்சினி அழுதாள். வளைவில் நின்று திரும்பினாள். மலை நின்றது. அது தாங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் வளைவைத் தாண்டட்டும் என்றே தாங்கியது போல இருந்தது.

தப்பு நின்றது.

இராக்கம்மா பேரனைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். புதிதாய்ப் பிறந்த பிள்ளையைச் சாமி காலடியில் போட்டு எடுப்பது அவர்கள் வழக்கம். மூன்று கல்லுக்கும் முன்னால், வாழை இலை மேல் பிள்ளையைக் கிடத்தினாள். பிள்ளை வீறிட்டு அழுதது.

மேட்டிலிருந்த தலை இன்னும் குனிந்தது.

அத்தனை வருஷமும் பிள்ளைகளை அது சுவர் வழியாகவே கேட்டிருந்தது. இப்போது பிள்ளை அதன் நெஞ்சுக்கு நேரே, ஓரடியில். விஜயலெட்சுமிக்கு வளைவில் நின்றே புரிந்துவிட்டது. வேண்டாம் என்றாள். வேண்டாம். வேண்டாம்.

அது ஒரு கையை எடுத்தது.

மெதுவாக. மலைக்குள்ளிருந்து உருவி. தேயிலைச் செடிகள் வேரோடு அதன் முழங்கையில் தொங்கின. ஒரே ஒரு விரலை நீட்டியது. பிள்ளையின் தலையைத் தொட்டது. எவ்வளவு மெதுவாகத் தொட்டது. பிள்ளை அழுகையை நிறுத்தியது.

மண் முன்னால் வந்து குனிவதை மட்டுமே அவர்கள் பார்த்திருப்பார்கள். எல்லோரும் கையைத் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார்கள். கணபதியும்தான்.

ஒற்றைக் கைக்கு மலை நிற்கவில்லை.

சத்தம் அடங்க வெகு நேரமானது. பிறகு காற்றில்லை. மழையில்லை. லயம் இருந்த இடத்தில் செம்மண், கீழே பள்ளம் வரைக்கும் விரிந்து கிடந்தது. ஒரு தகரம் கூட மிச்சமில்லை.

"அம்மா, அப்பா எங்கம்மா? அங்க ஒண்ணுமே இல்லயேம்மா."

விஜயலெட்சுமி மகளின் முகத்தைத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டாள். அவள் கண்ணுக்கு மட்டும் தெரிந்தது. மண்ணுக்கு நடுவே அது உட்கார்ந்திருந்தது. மலை போன முதுகு வெறுமையாகக் கூன்விழுந்து கிடந்தது. சேற்றுக்குள் கையை விட்டு ஒவ்வொருவராக எடுத்தது. இராக்கம்மா. பொன்னையா. இலையோடு பிள்ளை. அடிபடாமல், நோகாமல், உறங்குகிறவர்களை எடுத்துப் போடுவது போல வரிசையாகக் கிடத்தியது. கணபதியை மடியில் வைத்துக்கொண்டு, கட்டை விரலால் அவன் முகத்துச் சேற்றைத் துடைத்தது.

அதன் விரலும் சேறு. துடைத்த இடமெல்லாம் மண் அப்பிக்கொண்டது. மூக்கு மறைந்தது. வாய் மறைந்தது. அது குனிந்து உற்றுப் பார்த்துவிட்டு மறுபடியும் துடைத்தது. மறுபடியும். முகம் இருந்த இடமே தெரியாமல் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தது.