உப்பில்லாத தட்டு

"அறுபதாம் கல்யாணத்துக்கு இப்பவே இளைக்கிறாங்களோ என்னமோ...!"

கிருஷ்ணப்ரியா இதை யாரிடமும் சொல்லவில்லை, குக்கரிடம் சொன்னாள். ஆனால் சுரங்கத் தொழிலாளர் குவார்ட்டர்ஸ் சமையலறையில் பேசிய எந்தப் பேச்சு குக்கரோடு நின்றிருக்கிறது? கூடத்தில் முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்த மாமியார் தமயந்தியின் காதில் அது நேராக வந்து விழுந்தது.

"பிரியா... இன்னைக்கு ஒரு நாள் கூட வந்துடும்மா. வீட்டு ஆள் ஒருத்தர் இல்லாம பேச மாட்டேன்னுட்டார் டாக்டர். மாமாவுக்கு முதல் ஷிஃப்ட்டு..."

"வரேன் அத்தை, வராம? உங்க புள்ள ரெண்டு கிட்னியும் போயி, டயாலிசிஸ் மெஷினுக்கும் வூட்டுக்குமா அலைஞ்சிகினு கெடக்குறாரு. அம்மாக்காரிக்கு எடையக் குறைக்க ஆப்பரேஷன்! கேட்டா மூட்டு வலியாம். பிளாக்கே சிரிக்குது...!"

தமயந்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். உள்ளறையில் மகன் அருண்பிரசாத் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. அவன் காதில் விழுந்திருக்குமோ என்பதுதான் அவளுக்கு அப்போதும் கவலை.

அந்த வீட்டில் யாரும் தனியாகச் சாப்பிடக் கூடாது. மாமனார் பரமசிவத்தின் பழக்கம் அது. சுரங்கத்திலிருந்து வந்தால், எதிரே ஒருவர் தட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்தால்தான் அவர் சோற்றில் கை வைப்பார். கான்ட்ராக்ட் வேலைக்குப் போன மகனும் அப்படியே வளர்ந்தான். அப்பாவுக்கு ஒரு ஷிஃப்ட், பிள்ளைக்கு ஒரு ஷிஃப்ட். இரண்டு பேருக்கும் எதிரே உட்கார்ந்து சாப்பிட இருந்தது தமயந்தியின் ஒரே வயிறு. உடம்பு பெருக்காமல் வேறென்ன செய்யும்? ஆனால் தின்றே பெருத்தவள் என்ற பெயர் மட்டும் அவளுக்குத்தான். இப்போது மகனுக்கு உப்பில்லாத சாப்பாடு. அவன் எதிரே அவளும் உப்பில்லாமல்தான் போட்டுக்கொள்கிறாள். "நல்லாத்தான்டா இருக்கு" என்று வாய் கூசாமல் பொய் சொல்கிறாள்.

கிட்னி யார் கொடுப்பது என்று பேச்சு வந்தபோது பரமசிவத்துக்குச் சர்க்கரை என்று தள்ளிவிட்டார்கள். கிருஷ்ணப்ரியாவின் ரத்த வகை சேரவில்லை. தமயந்தி தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "எனக்கும் பொருந்தலையாம்" என்றாள், ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல்! "உன்ன அறுத்து நான் வாழணுமாம்மா? அந்தப் பேச்சு எடுத்தா மெஷினுக்கே போக மாட்டேன்" என்று முதலிலிருந்தே மிரட்டிக்கொண்டிருந்த அருண் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினான். அந்தக் கண்ணீரில்லாத முகத்தைத்தான் கிருஷ்ணப்ரியாவால் மன்னிக்க முடியவில்லை.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு காகிதத்தில் இரைப்பையைப் படம் போட்டார்.

"ரெண்டு வகை இருக்கும்மா. ஸ்லீவ்னா, இரைப்பையில பெரும்பகுதிய வெட்டி எடுத்துட்டு, குழாய் மாதிரி கொஞ்சம் விடுவோம். வெட்டினது வெட்டினதுதான், திரும்ப வராது. பைபாஸ்னா, மேல சின்னப் பையா பிரிச்சு நேரா குடலோட சேர்ப்போம். உங்களுக்கு ஏற்கெனவே கடுமையான நெஞ்செரிச்சல். ஸ்லீவ் பண்ணா அது இன்னும் மோசமாகலாம். உங்க உடம்புக்கு மட்டும்னா நான் பைபாஸ்தான் சொல்லுவேன்."

"ஸ்லீவே போதுங்க டாக்டர்."

கிருஷ்ணப்ரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பாத்தீங்களா சார்! டாக்டர் சொன்னாக்கூட கேக்க மாட்டாங்க. எதிர் பிளாக்ல ஒரு டீச்சர் ஸ்லீவ் பண்ணிகினு கொடியாட்டம் ஆயிட்டாங்க, அதான்! நாளைக்கு எரியுது எரியுதுன்னு படுத்தா யாரு பாக்குறது? நான் யாரத்தான் பாக்குறது...?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். தமயந்தியைப் பார்த்தார்.

"வீட்டுல நீங்க இன்னும் சொல்லலையா?"

"டாக்டர்... வேணாங்க..."

"இவ்வளவு பெரிய முடிவு, கூட இருக்கிறவங்களுக்குத் தெரியாம செய்ய முடியாதும்மா." அவர் கிருஷ்ணப்ரியாவின் பக்கம் திரும்பினார். "உங்க அத்தையோட கிட்னி உங்க வீட்டுக்காரருக்குப் பொருந்துது. ஆனா இந்த எடையில எடுக்க முடியாதுன்னு சொல்லித்தான் இங்க அனுப்பியிருக்காங்க. பைபாஸ் பண்ணா கிட்னியில கல் சேர வாய்ப்பு அதிகம். ஒண்ணக் கொடுத்துட்டு ஒண்ணோட வாழப் போறவங்களுக்கு அது ஆபத்து. அதனாலதான் எரிச்சல் வந்தா வரட்டும்னு ஸ்லீவ் கேக்குறாங்க."

கிருஷ்ணப்ரியா மாமியாரின் பக்கம் திரும்பினாள்.

"பொருந்தலன்னு... சொன்னீங்களே அத்தை...!"

"பொருந்துதுன்னா அவன் விடுவானாம்மா? முன்னாடியே சொன்னா மெஷினுக்கே போக மாட்டான். வயித்த அறுத்துகிட்டு, இளைச்சுப் போய் அவன் முன்னால நின்னு கேட்டா... அப்புறம் எப்படி வேணாம்பான்?"

வராந்தாவில், ஆட்கள் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல், கிருஷ்ணப்ரியா மாமியாரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கதறினாள். "என் நாக்கு அழுவிப் போவ! என்னென்ன பேசினேன்... ஒரு தடவ என்ன அறைஞ்சிருக்கக் கூடாதா அத்தை...!"

"புருஷன் படுத்துக் கெடந்தா எவளுக்குத்தான் நாக்கு கட்டுப்படும்? அழாத. அருணுக்கு மட்டும் தெரியக் கூடாது. எம்மேல சத்தியம் பண்ணு."

ஊர் திரும்பும் பஸ் குள்ளஞ்சாவடியைத் தாண்டியது. அந்த வழியாகப் போனாலும் வந்தாலும் அங்கே இருக்கும் தன் அம்மா வீட்டுத் தெருவை எட்டிப் பார்க்காமல் விடாத கிருஷ்ணப்ரியா, அன்று மாமியாரின் தோளிலிருந்து தலையை எடுக்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் அருண் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தான். முகம் சரியில்லை.

"படுத்துகிட்டு யோசிச்சேம்மா. மூட்டு வலிக்கு யாராவது வயித்த அறுப்பாங்களா? எதையோ மறைக்கிற. எனக்காகவா...? நெசத்தச் சொல்லு. எனக்காகன்னா நாளைக்கு நான் மெஷினுக்குப் போகல!"

தமயந்தி பொய் எவ்வளவோ சொன்னவள்தான். அந்த நேரத்தில் ஒன்றும் வரவில்லை.

"உனக்காக ஒண்ணும் இல்ல." கிருஷ்ணப்ரியா முன்னால் வந்து நின்றாள். "நான்தான் சொன்னேன். இவங்களக் கூட்டிகினு தெருவுல நடந்தா வெக்கமா இருக்குதுன்னு, தினமும் சொல்லிச் சொல்லி... நான்தான் சம்மதிக்க வச்சேன்."

அருண் சுவரை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினான்.

"சீ...! நீ ஒரு பொம்பளையா? நான் சாவக் கெடக்குற நேரத்துல எங்கம்மாவ அறுக்க அனுப்புறியா? எம்முன்னாடி நிக்காத!"

"டேய், அவ..." என்று தமயந்தி துடித்தாள். மருமகளின் விரல்கள் அவள் கையை இறுக்கிப் பிடித்து அழுத்தின. தமயந்தி வாயை மூடிக்கொண்டு அழுதாள். மகன் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டான்.

ஆப்பரேஷன் முடிந்தது. தமயந்தியின் புடவைக் கொசுவத்தில் துணி மிஞ்சிக்கொண்டே வந்தது. டாக்டர் சொன்னபடியே நெஞ்செரிச்சலும் கூடியது. பல இரவுகள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தேதான் கழிந்தன. இரண்டு ஸ்பூன் கஞ்சிக்கு மேல் இறங்கவில்லை. மகன் எதிரே தட்டு வைத்து உட்கார அவளால் இனி முடியாது.

அருண் சோற்றில் கை வைக்காமல் இருந்தான்.

கிருஷ்ணப்ரியா தன் தட்டைக் கொண்டுவந்து அவன் எதிரே உட்கார்ந்தாள். உப்பில்லாத சாதம், உப்பில்லாத கூட்டு. அவன் அவளோடு பேச்சை நிறுத்தியிருந்தான்; பேசினால் வசவுதான்.

"உனக்கு எதுக்குடி இந்த வேஷம்?"

அவள் ஒரு வாய் எடுத்து மென்றாள். அவன் வேறு வழியில்லாமல் பிசையத் தொடங்கினான்.

சமையலறை வாசலில் கஞ்சிக் கிண்ணத்தோடு நின்ற தமயந்திக்கு நெஞ்சு எரிந்தது. கிருஷ்ணப்ரியா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"நல்லாத்தான் இருக்குது அத்தை. நீங்க கஞ்சியக் குடிங்க."