ஹலோவுக்கு மேல் பேசக் கூடாது

"வண்டியை வெளிய எடுக்கணுமா, இல்ல இங்கேயே குடித்தனம் பண்ணப் போறீங்களா?"

கார்க் கண்ணாடிக்கு வெளியே குனிந்து கேட்டவனை இன்கிரிட் முறைத்தாள். வாடகைக் கார் பனியில் வழுக்கி, பள்ளத்தில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. அமெரிக்காவில் அயோவா மாநிலத்தின் வடக்குக் கோடி, டிசம்பர் மாதம், சுற்றிலும் அறுவடை முடிந்த சோளக்காடு. அவள் பார்க்க வேண்டிய கூடைப்பந்து ஆட்டம் தொடங்க இன்னும் கொஞ்ச நேரம்தான்... இந்த நேரம் பார்த்து இவனுக்கு நக்கல் வேறு!

ஆனால் அந்தக் கண்கள்... சாம்பலும் பச்சையும் கலந்த, தூக்கம் போதாத கண்கள். பார்த்த மாத்திரத்தில் கோபம் பாதி கரைந்துவிட்டது. என்னடி ஆச்சு உனக்கு என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

பெயர் ராய்ஸ் என்றான். அந்தச் சின்ன ஊரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறானாம். சங்கிலி மாட்டித் தன் லாரியால் காரை இழுத்து மேலே போட்டான். பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தான். எங்கே பயணம் என்று கேட்டபோது, அத்தை வீட்டுக்கு என்று கூசாமல் பொய் சொன்னாள். கல்லூரிப் பயிற்சியாளர்கள் எந்த ஆட்டக்காரியைப் பார்க்கப் போகிறோம் என்று வழியில் யாரிடமும் மூச்சுவிட மாட்டார்கள். போட்டிக் கல்லூரிக்காரன் காதுக்குப் போய்விடுமே!

"இந்த ஊர்ல அத்தைங்க எல்லாரையும் எனக்குத் தெரியும். எந்த அத்தை?"

"சிடுமூஞ்சி அத்தை."

"அப்படிப் பார்த்தா பத்துப் பேர் தேறுவாங்க..."

இன்கிரிட் வாய்விட்டுச் சிரித்தாள். அப்படிச் சிரித்து எத்தனை மாதமாயிற்றோ!

அவள் பிழைப்பு அப்படி. கூடைப்பந்து ஆடி முழங்கால் போனபிறகு, பயிற்சிக் குழுவில் கடைசி ஆளாக ஒட்டிக்கொண்டாள். ஆட்ட வீடியோ வெட்டினாள், துண்டு துவைத்தாள், பிறகு உதவிப் பயிற்சியாளர் ஆனாள். தலைமைப் பயிற்சியாளரின் வேலை போனால் உதவிக்கு இருப்பவர்களும் கூடவே மூட்டை கட்ட வேண்டியதுதான். அப்படியே ஊர் ஊராக மாறி இப்போது நாலாவது கல்லூரி. மேலே ஏற ஒரே வழி, நல்ல ஆட்டக்காரியைப் பிடித்துக்கொண்டு வருவது. ஜூனி என்ற பள்ளிப் பெண்ணைக் கொண்டுவந்தால் நீதான் எனக்கு அடுத்த ஆள், இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள் என்று தலைமைப் பயிற்சியாளர் வால்டா கறாராகச் சொல்லியிருந்தாள்.

பள்ளி விளையாட்டரங்கில் சோளப்பொரி வாசனை. கல்லூரி பெயர் போட்ட கோட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவள், எதிர் வரிசையில் எழுந்து கத்தியவனைப் பார்த்து உறைந்துபோனாள்.

"ஜூனி, கையத் தூக்கு!"

ராய்ஸ்! பெற்றவர்கள் போனபிறகு தங்கச்சியை வளர்த்து ஆளாக்கியது அந்த அண்ணன்தான் என்று பக்கத்திலிருந்த பெண்மணி சொன்னாள்.

கல்லூரி விளையாட்டு விதிப்படி, ஆட்டம் பார்க்க வரும் பயிற்சியாளர் அந்தப் பெண்ணோடோ, வீட்டாரோடோ நேரில் பேசக் கூடாது. எதிர்ப்பட்டால் ஒரு ஹலோ... அவ்வளவுதான், நகர்ந்துவிட வேண்டும். மீறினால் அந்தப் பெண் ஆட முடியாமலே போகலாம். இரண்டு வரிசை கீழே போட்டிக் கல்லூரியின் கிளார்க், கழுகு மாதிரி இவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இடைவேளையில் ராய்ஸ் நேராக அவளிடம் வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"அத்தை சௌக்கியமா? கோச்சுன்னு சொல்லவே இல்லையே..."

பேசு, பேசு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கிளார்க் திரும்பிப் பார்த்தான்.

"ஹலோ," என்று சொல்லிவிட்டு இன்கிரிட் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் சிரிப்பு அணைந்து, தன் வரிசைக்குத் திரும்பிப் போனான்.

அன்றே, தெரியாமல் குடித்த அந்தக் காபியைப் பற்றிக் கல்லூரியில் அவளே சொல்லிவிட்டாள். அந்தப் பருவம் முழுக்க அவள் அந்த ஊர்ப் பக்கமே போகக் கூடாது, அந்த வீட்டாரோடு போனிலும் பேசக் கூடாது, மீறினால் ஜூனிக்குத்தான் ஆபத்து என்று முடிவானது. பெரிய அரிச்சந்திரி, யாராவது கேட்டார்களா உன்னை என்று வால்டா வாங்கு வாங்கென்று வாங்கினாள். இனிமேல் போனில் நான்தான் பேசுவேன், ஜூனி ஏதாவது ஒரு கல்லூரிக்குக் கையெழுத்துப் போடும்வரை அந்த வீட்டாரிடம் நீ வாயே திறக்கக் கூடாது என்றும் எச்சரித்தாள்.

ராய்ஸுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? பொய் சொல்லிக் காபி குடித்தாள், நாலு பேர் முன்னால் அறிமுகமே இல்லாதவள் மாதிரி திரும்பிக்கொண்டாள்... தன் கிரீஸ் அப்பிய கை பிடிக்கவில்லை போல! வால்டா வீட்டுக்கு வருவதாகப் போன் செய்தபோது, எங்களுக்குச் சரிப்படாது என்று வெடுக்கென்று வைத்துவிட்டான். இன்கிரிட்டின் கல்லூரிக்குத்தான் போக வேண்டும் என்று ஜூனிக்கு ஆசை. உன் இஷ்டம் என்றான் அண்ணன். ஆனால் முகம் வேறு சொல்லியது.

இன்கிரிட்டோ போனை எடுப்பதும் வைப்பதுமாகத் தவித்தாள். ஒரே ஒரு வார்த்தை... ஆட்ட விதி அப்படி, அதனால்தான் என்று சொன்னால் போதும். தன் வேலை போனால் போகட்டும், அந்தப் பெண்ணின் ஆட்டம் அல்லவா போய்விடும்! பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

ஏப்ரலில் ஜூனி, கிளார்க்கின் கல்லூரிக்குக் கையெழுத்துப் போட்டாள். அடுத்த வருஷம் உனக்கு இங்கே வேலை இல்லை என்று வால்டா கையோடு சொல்லிவிட்டாள். இன்கிரிட் அழத்தான் உட்கார்ந்தாள். ஆனால் அழுகைக்கு முன்னால் வந்தது ஒரே நினைப்பு... இனி அவனோடு பேசலாம்! வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. காரை எடுத்தாள்.

வழியெல்லாம் மழை. ஒர்க்‌ஷாப்பின் தகரக் கூரையில் சடசடவென்று கொட்டியது. லாரிக்கு அடியிலிருந்து எழுந்து வந்த ராய்ஸ், அவளைப் பார்த்ததும் முகத்தை இறுக்கிக்கொண்டான்.

"ஜூனிதான் கையெழுத்துப் போட்டாச்சே. இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?"

"போட்டாச்சு. அதனாலதான் வந்தேன்."

நின்ற இடத்திலேயே அத்தனையும் சொன்னாள். விதி, கிளார்க், தானே போய்ச் சொன்னது, போனை எடுத்து எடுத்து வைத்தது... அவன் கையிலிருந்த ஸ்பானர் மெல்லக் கீழே இறங்கியது. டயர் மேல் உட்கார்ந்துவிட்டான்.

"அவ உங்க காலேஜ்தான்னு நின்னா. என் மூஞ்சியப் பாத்துதான் மாத்திக்கிட்டா," என்றான். "உங்க வேலை?"

"போச்சு."

"நான்தான் கெடுத்தேன்."

"ஆமா."

"திட்டிடுங்க. அதுக்குத்தானே வந்தீங்க?"

"வழியெல்லாம் திட்டிக்கிட்டேதான் வந்தேன். உங்க முகத்தைப் பாத்ததும்... எல்லாம் மறந்துபோச்சு." ஓர் அடி முன்னால் வந்தாள். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, ராய்ஸ். வேலை போச்சுன்னு சொன்னப்போகூட உங்களைத்தான் நினைச்சேன். எனக்குப் பைத்தியம்தான் பிடிச்சிருக்கு."

அவன் கையைத் துணியில் துடைத்தான், மறுபடி துடைத்தான்... அழுக்குத்தான் போன பாடில்லை.

"உங்களைத் திட்டாத நாள் கிடையாது நான். அண்ணா, பிடிக்காதவங்களை யாராவது இவ்வளவு நினைப்பாங்களான்னு ஜூனி ஒரு நாள் கேட்டா. அவ கேட்டது சரிதான்." அவன் நிமிர்ந்தான். "அடுத்து எந்த ஊரு?"

"மொன்டானாவுல ஒரு சின்ன காலேஜ் கூப்பிடுது. சம்பளம் கம்மி... ரொம்பத் தூரம்."

"போங்க. உங்களுக்குத் தெரிஞ்ச தொழில விட்டுடாதீங்க." துணியை மடித்துக் கீழே வைத்தான். "ஜூனியக் கொண்டுபோய் விட்டப்புறம் இந்த ஊர்ல எனக்குன்னு யாரும் இல்ல. நான்... அங்க வரட்டுமா?"

இன்கிரிட் கிட்டே போய், அந்த அழுக்குக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"வா," என்றாள்.